அமாவாசைக்குப் போட்ட சீட்டு

என் வூட்டுக்காரிக்கு பஸ்ஸு ஒத்துக்காது. இத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் பட்ட பாடு பூரா இதுல இருந்து தான் ஆரம்பிச்சுது. போளூர்ல அவ அக்கா வூடு. பக்கத்து ஊரு தான். அங்க போய் எறங்கறதுக்குள்ள மூஞ்சி வெளுத்து, கண்ணு சொருகி, முந்தானய வாயில வெச்சிகினு, எறங்குன ஒடனே ரோட்டோரம் குந்திக்குவா. அக்கா ஆசையா ஆக்கி வெச்ச சோறு ஆறி அவலா போனதுக்கு அப்புறம் தான் கை வெப்பா.

ஆனா டிரைவருக்கு நேர் பின்னாடி மொத சீட்டுல குந்த வெச்சா ஒண்ணும் ஆவாது. ரோட்ட பாத்துகினே வருவா. டிரைவரு ஸ்டீரிங்க ஒடிக்கறதுக்கு முன்னாடியே இவ தலை திரும்பும். "ரோடு இன்னா பண்ணப் போவுதுன்னு தெரிஞ்சிட்டா வயிறு கம்முனு இருக்குது மாமா"ன்னு சொல்லுவா. அவ என் தாய்மாமன் பொண்ணு. அதனால கல்யாணத்துக்கு முன்னாடியும் நான் மாமா தான், பின்னாடியும் மாமா தான்.

நான் அப்போ மல்லாட்ட மண்டில மூட்ட தூக்கிகினு இருந்தேன். வேர்க்கடலய எங்க பக்கம் மல்லாட்டன்னு தான் சொல்லுவோம். ஒரு தீபாவளிக்கு மொதலாளி வூட்ல இருந்து எங்களுக்கு ஆளுக்கொரு பிஸ்கோத்து டின்னு குடுத்தாங்க. பிஸ்கோத்து அன்னிக்கே தீந்துபோச்சு, புள்ளைங்க விடுமா. டின்னு நின்னுச்சு. அதுல இவ கொத்தமல்லி வெதய கொட்டி அடுப்பு மேல பலகைல வெச்சிட்டா. அந்த டின்னு மூடி மேல ஒரு படம். மைசூரு அரமன. ராத்திரி வேளைல, ஒடம்பு பூரா வெளக்கு எரியற மாதிரி. மைசூருன்னு எனக்கு எப்படி தெரியும், எழுத்து கூட்ட தெரியாத ஆளு நானு. மண்டி கணக்குப்பிள்ள தான் படிச்சி சொன்னாரு.

கொழம்பு கொதிக்கற நேரத்துல எல்லாம் இவ அந்த மூடிய பாத்துகினு நிப்பா. ஒரு நாள் கேட்டா, "மாமா, இது அகலா பல்பா?"

"பல்பு தான். இவ்ளோ அகலுக்கு எண்ண ஊத்தறதுக்கே ஒரு படை வேணுமே."

"நம்ம ஊர்ல மலைக்கு வெளக்கு வெக்கறாங்க. அது சாமி. ஒரு மனுஷன் வூட்டுக்கு இவ்ளோ வெளக்கா? யாரு அவன்?"

"ராஜா."

"ராஜான்னா கரன்ட்டு பில்லு வராதா?"

எங்க வூட்ல அப்போ ஒரு பல்பு. அதையும் புள்ளைங்க சாப்ட்ட ஒடனே இவ அணைச்சிடுவா. அதனால அந்த கேள்வி அவளுக்கு நெஜமான கேள்வி தான். இப்படியே வருஷம் ஓடுது. வேற எதயும் அவ கேட்டதில்ல. நக கேட்டதில்ல, சினிமா கேட்டதில்ல. எப்பயாவது மூடிய தொடைக்கும்போது, "இத ஒரு தடவ எரியும்போது பாத்துட்டா போதும்"னு டின்னு கிட்ட பேசற மாதிரி சொல்லுவா. எனக்கு கேக்கற சத்தத்துல தான் சொல்லுவா.

எண்பதுக்கு அப்புறம் தேரடி தெருவுல ஒரு டூர்காரு மேஜ போட்டாரு. குண்டு ஆளு, வெத்தல வாயி, யாரு வந்தாலும் "தலைவரே"ன்னு தான் கூப்புடுவாரு. மைசூரு, அரமன, பூங்கா, எல்லாம் ஒரே டூர்ல. ஒரு நாள் மூட்ட எறக்கிட்டு வரும்போது அந்த மேஜ முன்னாடி என் காலு தானா நின்னுச்சு. அந்த நேரத்துல எங்க மாடு சென. கன்னு போட்டுச்சுன்னா இவ அந்த மாட்ட வுட்டு நகர மாட்டா, பால் ஊத்தற வூடு நாலஞ்சு இருந்துது. அப்புறம் வருஷக்கணக்குல நகர முடியாது. போனா இப்போ, இல்லன்னா இல்ல. மைசூருக்கு சீட்டு இருக்குதான்னு கேட்டுட்டேன்.

"தலைவரே, ரெண்டு வண்டி இருக்குது"ன்னாரு டூர்காரு. "ஒண்ணு அமாவாசைக்கு மைசூர்ல இருக்கும். கொத்தனாரு, மண்டி ஆளுங்க, ஒங்க மாதிரி அமாவாசை லீவுக்காரங்களுக்கு. இன்னொண்ணு அது தாண்டி ஞாயித்துக்கிழம இருக்கும். ஆபீஸ்காரங்க, வாத்தியாருங்க. அது வீடியோ பஸ்ஸு. எது வேணும்?"

எங்களுக்கு ஞாயித்துக்கிழமன்னு ஒண்ணு கெடையாது. மண்டி லீவு அமாவாசைக்கு தான். எங்க ஊர்ல யாரும் கெழமைய பாத்து நடக்கறதில்ல. பௌர்ணமி எப்போ, அமாவாசை எப்போ, தீபம் எப்போ, அவ்ளோ தான். கடன்காரன் கூட பௌர்ணமி கழிச்சி வான்னு சொன்னா புரிஞ்சிக்குவான். அதுவும் இல்லாம நான் ஒண்ணு யோசிச்சேன். அமாவாசைன்னா கும்மிருட்டு. வெளக்கு பாக்கப் போறவன் நெலா காயற அன்னிக்கா போவான்? இருட்டு ஜாஸ்தியா இருந்தா வெளக்கு ஜாஸ்தியா தெரியும். எனக்கு நானே முதுகுல தட்டிக்கற மாதிரி இருந்துது.

"அமாவாசை வண்டி. டிரைவருக்கு பின்னாடி மொத சீட்டு. ரெண்டு பேரு."

டூர்காரு சீட்டு குறிக்கறது எழுத்துல இல்ல. பல்லாங்குழி மாதிரி ரெண்டு பலகை வெச்சிருந்தாரு, ஒரு வண்டிக்கு ஒரு பலகை. எத்தன சீட்டோ அத்தன குழி. சீட்டு போட்டா குழில ஒரு புளியங்கொட்ட. காலி குழின்னா காலி சீட்டு. யாரு வந்தாலும் பாத்த ஒடனே புரியும், எனக்கும் புரிஞ்சுது. அமாவாசை பலகைல முன் பக்கம் ரெண்டு குழி காலியா இருந்துது. அவரு கொட்டய எடுத்து நீட்டி, "நீங்களே போடுங்க தலைவரே, ராசியான கை"ன்னாரு. எல்லாருக்கும் இதையே தான் சொல்லுவாருன்னு அப்புறம் தெரிஞ்சுது. நான் போட்டேன்.

வூட்டுக்கு வந்து இவ கிட்ட சொன்னேன். மாட்டுக்கு தண்ணி காட்டிட்டு வந்து, "மொத சீட்டா?"ன்னா.

"மொத சீட்டு."

"வெளக்கு எரியுமா?"

"ஏன் எரியாம? நம்ம தீபம் ஏத்துனா பதினோரு நாள் எரியுது. அது அரமன. தெனமும் எரியும்."

மண்டில யாருக்கும் தெரியாது நான் அரமன பாக்கப் போறேன்னு, ரெண்டு நாளைக்கு. அப்புறம் எப்படியோ தெரிஞ்சிபோச்சு. மேஸ்திரி என்ன பாத்தாலே, "டேய், வழி வுடுங்கடா, மகாராஜா மூட்டையோட வராரு"ன்னுவாரு. அது பரவால்ல. எனக்கு இருந்த கவலையே வேற. அந்த புளியங்கொட்ட. தேரடி தெருவுல மாடு திரியுது, ஆடு திரியுது, கூட்டம் முட்டிகினு போவுது. யாராவது இடிச்சி பலகை கவுந்துட்டா? என் கொட்ட உருண்டு கடைசி குழிக்கு போய்ட்டா, அவரு அத பாத்து என்ன பின்னாடி குந்த வெச்சிட்டா? காலைல மண்டிக்கு போகும்போது ஒரு தடவ எட்டிப் பாப்பேன். மத்தியானம் சோத்துக்கு போறவன் நேரா வூட்டுக்கு போகாம தேரடிய சுத்திகினு போவேன். சாயங்காலம் ஒரு தடவ.

டூர்காரு ஒரு நாள் வெத்தலய துப்பிட்டு கேட்டாரு, "தலைவரே, மொளச்சிடுச்சான்னு பாக்கறீங்களா?"

"இருக்குதான்னு பாக்கறேன்."

"இருக்குது. நான் வேணும்னா அதுக்கு மேல குந்திக்கட்டுமா?"

சிரிச்சிட்டு வந்துட்டேன். ஆனா மறுநாளும் போனேன். நிக்கல காலு.

அமாவாசைக்கு கொஞ்ச நாள் தான் இருந்துது. மைசூரு பக்கத்துல இருந்து ஒரு லாரி வந்துது, எண்ண மில்லுக்கு மல்லாட்ட ஏத்தறதுக்கு. அந்த டிரைவரு அடிக்கடி வர்ற ஆளு. பாதி கன்னடம், பாதி தமிழு. மூட்ட ஏறிகினு இருக்கும்போது, மேஸ்திரி சும்மா இருக்காம, "எங்க மகாராஜா ஒங்க ஊருக்கு வராருப்பா, அரமனய கூட்டி பெருக்கி வை"ன்னாரு.

டிரைவரு பீடிய எடுத்துட்டு, "எப்போ குரு?"ன்னான். அவனுக்கு எல்லாரும் குரு தான்.

"அமாவாசைக்கு. வெளக்கு பாக்க."

"அமாவாசை வேல நாள்ல தான வருது? அன்னிக்கு லைட்டே இல்லயே."

"ஏன், கரன்ட்டு கட்டா?"

"சண்டே மட்டும் தான் குரு போடுவாங்க. தசராவுல தெனமும் போடுவாங்க, மத்த நாள்ல சண்டே தான். சாயங்காலம் போடுவான், கொஞ்ச நேரத்துல ஆஃப் பண்ணிடுவான்."

எனக்கு முதுகுல மூட்ட. அத எறக்கவும் தோணல, ஏத்தவும் தோணல. "வெளக்க ஏத்திட்டு அணைப்பாங்களா? யாராவது அணைப்பாங்களா?"ன்னு கேட்டேன். எங்க ஊர்ல மலை மேல ஏத்துனா, நெய் ஊத்தி ஊத்தி அது தானா அடங்கற வரைக்கும் யாரும் கை வெக்க மாட்டாங்க. சுவிட்சு போட்டு நிறுத்தற வெளக்குக்கு நான் டூர் சீட்டு போட்டிருக்கேன்னு நெனச்சதே இல்ல. டிரைவரு சிரிச்சான். "அது சாமி இல்ல குரு, பல்பு"ன்னான். இதத்தான நான் என் வூட்டுக்காரிக்கு சொன்னேன், எனக்கு ஒறைக்கலயே.

மூட்டய அப்படியே, அடுக்கி வெச்ச மூட்ட அட்டில சாச்சிட்டு ஓடுனேன். மேஸ்திரி பின்னாடி கத்தறாரு. தேரடி வரைக்கும் செருப்பு கூட இல்லாம ஓடுனேன்.

டூர்காரு பதறல. "தலைவரே, நீங்க கேட்டது மொத சீட்டு இருக்குதா, சோறு போடுவீங்களா. லைட்ட பத்தி நீங்க வாயே தொறக்கல."

"அரமனன்னா வெளக்கு தானய்யா."

"அரமனன்னா அரமன. உள்ள சிம்மாசனம் இருக்குது, தூணு இருக்குது, கண்ணாடி இருக்குது. அமாவாசை வண்டில போறவங்க எல்லாம் அதத்தான் பாத்துட்டு வராங்க, ஒருத்தரும் கொற சொன்னதில்ல."

"ஞாயித்துக்கிழம வண்டில மாத்தி குடுங்க. மொத சீட்டு."

அவரு ரெண்டாவது பலகைய என் பக்கம் திருப்புனாரு. எங்க பாத்தாலும் கொட்ட. முன்னாடி, நடுவுல, எல்லாம் நெறஞ்சி போச்சு. கடைசி வரிசைல, எஞ்சினுக்கு எதிர் மூலைல, பள்ளத்துல பஸ்ஸு எறங்குனா ஆள தூக்கி கூரைல அடிக்கற எடத்துல, ரெண்டு குழி காலி. "பக்கத்து பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஒருத்தரு அதுக்கும் கேட்டுகினு இருக்காரு. சாயங்காலம் வருவாரு"ன்னாரு.

அந்த பலகைய பாத்துகினே நின்னேன். ஒரு பலகைல மொத சீட்டு இருக்குது, வெளக்கு இல்ல. இன்னொரு பலகைல வெளக்கு இருக்குது, சீட்டு கடைசி. ராத்திரி பூரா ஓடற வண்டி. போளூருக்கே குந்திக்கற பொம்பள. கடைசி சீட்டுல மைசூரு வரைக்கும் போனா, அரமன வாசல்ல கண்ண தொறக்க முடியுமா அவளால? ரெண்டு கொட்டய எடுத்து அந்த காலி குழில வெச்சேன். திருப்பி எடுத்தேன். திருப்பி வெச்சேன்.

"தலைவரே, இது ஆடற ஆட்டம் இல்ல"ன்னாரு அவரு.

"வூட்டுக்கு போய்ட்டு வந்துடறேன். வாத்தியாரு வந்தா பேசிகினு இருங்க."

வூட்ல இவ சாணி தட்டிகினு இருந்தா. வரட்டி எல்லாம் செவுத்துல வரிசையா கையடையாளத்தோட. நான் மூச்சு வாங்க எல்லாத்தையும் சொன்னேன். லாரி டிரைவரு சொன்னது, கெழம, சுவிட்சு, பலகை, வாத்தியாரு. இவ தட்டறத நிறுத்தல. அது தான் எனக்கு இன்னும் பதட்டமா இருந்துது. எதயாவது சொல்லித் தொலையேன்னு இருந்துது.

"கடைசி சீட்டா?"ன்னா.

"கடைசி."

"மொத சீட்டுல போனா இன்னா தெரியும்?"

"அரமன தெரியும். இருட்டுல."

"இருட்டுல ஒங்க மண்டி குடோனு கூட தான் பெருசா தெரியும். அதுக்கு எதுக்கு மாமா மைசூரு?" கடைசி வரட்டிய தட்டிட்டு கைய கழுவுனா. "வாந்தி எடுத்தா எடுத்துட்டு போறேன். வயிறு வெளக்க பாக்கப் போவுதா? கண்ணு தான பாக்கப் போவுது. ஓடு, வாத்தியாரு வந்துடப் போறாரு."

ஓடுனேன். வாத்தியாரு வரல. கொட்டய வெச்சேன். இந்த தடவ டூர்காரு ராசியான கைன்னு சொல்லல.

மேஸ்திரி கிட்ட லீவு கேக்கறது ஒரு தனி கத. மூட்டய அட்டில சாச்சிட்டு ஓடுனதுக்கு அவரு இன்னும் ஆறல. "ராஜாவே சொல்லி அனுப்புனாரா, வேல நாள்ல வேணாம், ஞாயித்துக்கிழம வாப்பான்னு?" கடைசில, அமாவாசை அன்னிக்கு நான் தனியா குடோன்ல சாக்க மாத்தி அடுக்கறதுன்னு ஒத்துகினேன். அமாவாசைல மண்டில வேல பாத்த ஆளு எனக்கு தெரிஞ்சி நான் ஒருத்தன் தான். குடோன் இருட்டுல பெருசா தான் இருந்துது. இவ சொன்னது சரி.

சனிக்கிழம சாயங்காலம் வண்டி. இவ காலைல இருந்து ஒண்ணும் திங்கல. மடில எலுமிச்சம்பழம், இஞ்சி, ஒரு பிளாஸ்டிக் பை. தங்கச்சிய வர வெச்சி புள்ளைங்களயும் மாட்டையும் ஒப்படைச்சா. மாட்டு காதுல கூட ஏதோ சொன்னா. எனக்கு என்னமோ, கன்னு போடாம இருன்னு சொன்ன மாதிரி தான் இருந்துது.

கடைசி சீட்டுல குந்துனோம். செங்கம் ரோட்டுல வண்டி திரும்பும்போதே இவ மூஞ்சி வெளுத்துச்சு. எனக்கு குந்த முடியல. எழுந்து முன்னாடி போய் மொத சீட்டுல இருந்த வேற ஒரு வாத்தியாரயும் அவரு வூட்டம்மாவையும் கேட்டேன், சார், எங்க வூட்ல ஒடம்பு சரியில்ல, கொஞ்சம் மாத்தி குந்த முடியுமான்னு. அவரு மூக்கு கண்ணாடிக்கு மேல பாத்தாரு. "நாங்க ஒரு மாசம் முன்னாடியே புக் பண்ணது"ன்னாரு. தப்பு சொல்ல முடியாது. அந்த குழிய தெனமும் அவரும் எட்டிப் பாத்திருப்பாரோ என்னமோ.

திரும்பி வந்து குந்துனேன். அந்த நேரத்துல வீடியோ போட்டாங்க. டிரைவரு முதுகுக்கு பின்னாடி தடுப்பு மேல டிவி பொட்டி, கூரையோட ஒட்டுன மாதிரி. பின்னாடி இருந்த எங்களுக்கு அம்சமா தெரியுது. மொத சீட்டுல இருக்கறவங்களுக்கு அது நேர் தலைக்கு மேல. கழுத்த அண்ணாந்து பாத்தா தான் உண்டு. கொஞ்ச தூரம் தான். சண்ட காட்சி வந்துது, அந்த அம்மா கழுத்த புடிச்சிகினு எழுந்து நின்னுட்டாங்க. அவங்களே எங்க கிட்ட வந்தாங்க. "ஏம்மா, ஒனக்கு தான முன்னாடி வேணும்னாரு? போய் குந்து. இங்க இருந்து நல்லா தெரியுது."

இவ டிவிய திரும்பி கூட பாக்கல. எலுமிச்சம்பழத்த எடுத்துகினு ஓடிட்டா. வாத்தியாரு எழுந்திருக்கல, எனக்கு அங்க எடமில்ல. அவ முன்னாடி, நான் பின்னாடி. இருட்டுல தலை மட்டும் தெரியுது. அந்த தலை வண்டி திரும்பறதுக்கு முன்னாடி திரும்புது. அத பாத்ததும் எனக்கு உசுரு வந்துது. ஆனா அந்த கடைசி சீட்டு என்ன தூக்கி தூக்கி போட்டுச்சு பாருங்க, மூட்ட தூக்குன ஒடம்பு எனக்கு, இவ வுட்டுட்டு போன பிளாஸ்டிக் பை எனக்கு தான் ஒதவுச்சு. பக்கத்துல அந்த அம்மா படம் பாத்துகினே மூக்க மூடிகினாங்க.

மைசூர்ல பகல்ல அரமன உள்ள போறதுக்கு தனியா ஒரு டிக்கெட்டு. செருப்ப வெளிய வுட சொல்லி டோக்கன் குடுத்தாங்க. சிம்மாசனம், தூணு, கண்ணாடி, டூர்காரு சொன்னது எல்லாம் இருந்துது. இவ எதுலயும் நிக்கல. "சாயங்காலம் எப்போ மாமா?"ன்னு தான் கேட்டுகினு இருந்தா. மேல அண்ணாந்து பல்பு எங்க எங்க சொருகி இருக்காங்கன்னு பாத்துகினு இருந்தா. வெளியில வந்து, பூங்கா பாத்து, திருப்பி கூட்டியாந்து வாசலுக்கு எதிர்ல நிறுத்துனாங்க. கூட்டம். பொழுது சாயுது.

எங்க ஊர்காரனுக்கு எரியறது ரெண்டாம்பட்சம். ஏத்தற நேரம் தான் முக்கியம். தீபத்தன்னிக்கு மலைய பாத்துகினு ஊரே மூச்ச புடிச்சிகினு நிக்கும். அந்த நிமிஷம் தவறுனா தவறுனது தான். அதனால நானும் கண்ண எடுக்காம நின்னேன். காலைல இருந்து மேலயே பாத்துகினு இருந்த இவ அப்போ தான் கீழ பாத்து, "மாமா, இது என் செருப்பு இல்ல"ன்னா.

பாத்தேன். ஒரு காலுல அவ செருப்பு, இன்னொரு காலுல வேற யாரோடதோ. பகல்ல கூட்டத்துல டோக்கன்காரன் மாத்தி குடுத்துட்டான். இவளோடது போன பொங்கலுக்கு வாங்குனது. நான் குனிஞ்சி, எங்க பஸ்ஸு ஆளுங்க யாரு காலுலயாவது அது இருக்குதான்னு தேடிகினு இருந்தேன். எத்தன காலு, எத்தன செருப்பு. அப்போ தான் கூட்டம் பூரா ஒரே மூச்சா "ஆ"ன்னுச்சு. என் கை மேல வெளிச்சம் விழுந்துது. மஞ்சளா, சூடா இல்லாம. நிமிந்து பாக்கறதுக்குள்ள எல்லாம் எரிஞ்சிகினு இருந்துது.

இவ என் தோள புடிச்சிகினு இருந்தா. புடி வலிச்சுது. டின்னுல இருக்கறத விட பெருசா, டின்னுல இல்லாத கோபுரம் எல்லாம் சேத்து, வானத்துல கோடு போட்ட மாதிரி. ரொம்ப நேரம் கழிச்சி, "டின்னுல சரியா தான் போட்டிருக்கான்"னா. அணைக்கும்போது கூட கண்ண மூடல அவ. கூட்டம் கலைஞ்சதுக்கு அப்புறமும் அந்த இருட்ட பாத்துகினு நின்னா. வண்டி ஆளு கத்துனதுக்கு அப்புறம் தான் நகந்தா, ஒரு காலுல யாரு செருப்போ.

நாங்க வந்து சேர்ற வரைக்கும் மாடு கன்னு போடாம இருந்துது. வந்த மறுநாள் போட்டுச்சு. கெடேரி. அதுக்கு மைசூருன்னு பேரு வெச்சா.

அப்புறம் எத்தனயோ வருஷம் வூட்டுக்கு வர்றவங்களுக்கு இவ அந்த கதய சொல்லுவா. மூடிய எடுத்து காட்டி, எந்த மூலைல இருந்து எரிய ஆரம்பிச்சுது, எப்படி ஓடி வந்து நடுவுல சேந்துதுன்னு வெரலால கோடு போட்டு சொல்லுவா. ஒரே அடில எரிஞ்சிதுன்னு மத்தவங்க சொல்லுவாங்க. இவ ஒத்துக்க மாட்டா. நானும் ஒரு தடவ வாய தொறந்தேன், "ஒரே நேரத்துல தான் எரிஞ்சிருக்கும், சுவிட்சு ஒண்ணு தான"ன்னு.

"நீ செருப்பு தான மாமா பாத்த"ன்னா.